ஏஎம்சியா, சம்பளத்துக்கு ஆளா? 45 கம்ப்யூட்டர் உள்ள பனியன் ஏற்றுமதி யூனிட்டுக்கு ஒரு கணக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி யூனிட். அலுவலகம், கட்டிங், பேக்கிங் ஒரு கட்டடத்தில். ஸ்டிச்சிங் நான்கு கிலோமீட்டர் தள்ளி இன்னொன்றில். மொத்தம் 45 கம்ப்யூட்டர், டேலி கணக்கு மென்பொருளுக்கு ஒரு சர்வர், ஸ்டிக்கர் அடிக்கும் பார்கோடு பிரிண்டர்கள், சிசிடிவி, விரல் ரேகை வருகைப் பதிவு. ஏஎம்சிக்கு, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு, பாகங்களும் சேர்ந்த காம்ப்ரிஹென்சிவ் என்றால் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,600 ரூபாய், பாகங்கள் சேராமல் லேபர் மட்டும் என்றால் 1,400 என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. அதற்குப் பதில் 20,000 சம்பளத்தில் ஒரு பையனை வைத்துக்கொள்ளலாமே என்கிறார் உங்கள் அண்ணன். எது லாபம் என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: போன மாதம் கண்டெய்னர் ஏற்றும்போது சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்டிக்கர் பிரிண்டர் நின்றது, ஏஎம்சிக்காரர் மறுநாள் காலையில்தான் வந்தார். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான். அதற்கு ஏஎம்சியும் தனியாகப் பதில் ஆகாது, பையனும் தனியாகப் பதில் ஆகமாட்டான்.

முதலில் பணக் கணக்கை முடித்துவிடுவோம். சம்பளம் 20,000. பி.எஃப்.பை 15,000 உச்சவரம்பில் கட்டினால் முதலாளி பங்கும் நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து 13 சதவீதம், அதாவது 1,950. சம்பளம் 21,000 வரம்புக்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. முதலாளி பங்கு 3.25 சதவீதம், 650. மாதம் 22,600, ஆண்டுக்கு 2,71,200. தீபாவளி போனஸ் ஒரு மாதச் சம்பளம் என்று வைத்தால் 2,91,200. இது ஆளுக்கு மட்டும், பாகங்கள் தனி. காம்ப்ரிஹென்சிவ் ஏஎம்சி 1,62,000, லேபர் ஏஎம்சி 63,000. இரண்டுக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, ஆனால் அதை இன்புட் வரி வரவாகத் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள் என்பதால் செலவாகச் சேர்க்க வேண்டாம். ஆக, பையனுக்கும் லேபர் ஏஎம்சிக்கும் இடையே ஆண்டுக்குச் சுமார் 2,28,000 வித்தியாசம். இந்த வித்தியாசத்துக்கு உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. எட்டு மணி நேரம், 26 நாள் என்றால் மாதம் 208 மணி நேரம் ஒரு ஆள் உங்கள் கட்டடத்துக்குள் இருக்கிறார். உங்களுக்கு 208 மணி நேர வேலை இருக்கிறதா?

அதை யூகிக்க வேண்டாம், எண்ணிப் பாருங்கள். ஒரு மாதம் ஒரு கூகுள் ஷீட்டிலோ பழைய ரெஜிஸ்டரிலோ எழுத வையுங்கள்: எந்த செக்ஷன், என்ன பிரச்சினை, எத்தனை மணிக்குச் சொன்னார்கள், எத்தனை மணிக்குச் சரியானது, அதில் கை வைத்துச் செய்த வேலை எவ்வளவு நேரம், தொலைவிலிருந்தே முடித்திருக்க முடியுமா, அந்த நேரத்தில் என்ன வேலை நின்றது. மாத முடிவில் உடனே வந்து நிற்க வேண்டிய வேலை எவ்வளவு, நாளைக்குச் செய்தாலும் போதும் என்ற வேலை எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். ஒரு டெக்னீஷியனுக்கு இத்தனை கம்ப்யூட்டர் என்று பலரும் ஒரு விகிதம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் 45 மெஷினும், பஞ்சு பறக்கும் கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் இருக்கும் 15 மெஷினும் ஒரே எண்ணிக்கையில் வராது. கைவேலை மட்டும் மாதம் 80 மணி நேரத்தைத் தாண்டினால் ஆள் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் கணிப்பு. இது விதி ஒன்றும் இல்லை. 30, 40 மணி நேரத்துக்குள் நின்றால் மீதி நேரத்தில் அந்தப் பையன் சிசிடிவி, இபிஎக்ஸ் (அலுவலக இன்டர்காம்), வீட்டு வைஃபை, யாராவது ஒருவரின் செல்போன் என்று ஓடிக்கொண்டிருப்பான். கம்ப்யூட்டர் வேலை பிறகு அவனுக்கே இரண்டாம் பட்சமாகிவிடும்.

பஞ்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர் நிறுவனத்தின் ஏஎம்சி ஒப்பந்தங்களில் இது இருக்கவே இருக்காது. கட்டிங், செக்கிங் பக்கம் இருக்கும் டெஸ்க்டாப்பைத் திறந்தால் சிபியூ ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவில் பஞ்சு அடைந்து ஒரு மெத்தை மாதிரி ஒட்டியிருக்கும். ஃபேன் சுற்றும், காற்று போகாது. மெஷின் முதலில் மெதுவாகும், பிறகு மத்தியானத்தில் தானாக அணையும். பார்க்கிறவர் விண்டோஸ் பிரச்சினை என்று ஃபார்மட் செய்வார், இரண்டு நாள் நன்றாக ஓடும், மறுபடி அணையும். மெஷினுக்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளும் இதே கதைதான். வழக்கமான ஏஎம்சியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என்று எழுதியிருப்பார்கள். உற்பத்தித் தளத்தில் இருக்கும் மெஷின்களுக்கு அது போதாது. மாதம் ஒருமுறை ப்ளோயர், அதுவும் மெஷினை வெளியே எடுத்துச் சென்று, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பிடிக்காமல் அடித்தால் ஃபேன் வேகமாகச் சுற்றி பேரிங் போய்விடும். அதைவிட நல்லது, அடுத்த முறை வாங்கும்போது தளத்துக்கு மட்டும் ஃபேன் இல்லாத மினி பிசி வாங்குவது. அதில் பஞ்சு அடைய ஃபேனே இல்லை.

மின்சாரமும் அப்படித்தான். மதர்போர்டு அடிக்கடி போகிறது என்றால் மெஷினைக் குறை சொல்வதற்கு முன் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்; 2, 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும், கம்ப்யூட்டர்காரரை இல்லை. யூபிஎஸ் பேட்டரி எந்த ஏஎம்சியிலும் பொதுவாகச் சேராது.

இப்போது காம்ப்ரிஹென்சிவ், லேபர் இரண்டில் எது என்று பார்ப்போம். காம்ப்ரிஹென்சிவ் என்றால் பாகமும் அவர்கள் பொறுப்பு என்று நினைக்கிறோம். ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலைப் படித்தால்தான் தெரியும்: பேட்டரி, அடாப்டர், பிரிண்டர் ஹெட், ரிப்பன், டோனர், பிளாஸ்டிக் பாகம், இடி மின்னல், வோல்டேஜ் ஏற்றத்தாழ்வு, வைரஸ், லைசென்ஸ் என்று பாதி வெளியே போய்விடும். மீதமிருப்பது ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு. இதற்காக மெஷினுக்கு 2,200 கூடுதலாக, 45 மெஷினுக்கு 99,000 கொடுக்கிறீர்கள். ஐந்தாறு வயதான மெஷினுக்குப் பழைய கழற்றிய பாகத்தைப் போட்டுவிட்டுப் போவதும் நடக்கும். அந்த 99,000-ஐ நீங்களே ஒரு ஸ்பேர் நிதியாக ஒதுக்கினால், தயாராக வைத்த இரண்டு முழு மெஷின், நான்கு எஸ்எம்பிஎஸ், ஒரு 24 போர்ட் ஸ்விட்ச், சில எஸ்எஸ்டி என்று ஷெல்ஃபில் இருக்கும். மெஷின் போனால் பேக்கிங் சூப்பர்வைசரே பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டலாம், ரிப்பேர் நிதானமாக நடக்கட்டும். எனவே உங்கள் நிலைமையில் லேபர் ஏஎம்சிதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரே விதிவிலக்கு சர்வர். அதற்கு மட்டும் தயாரித்த நிறுவனத்தின் ஆன்சைட் வாரன்டியை நீட்டித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய மெஷின்கள் முறைப்படி விண்டோஸ் 11-க்குப் போகாது. அப்படிப்பட்ட மெஷின்களுக்கு காம்ப்ரிஹென்சிவ் ஏஎம்சி போடுவது பணத்தை வீணாக்குவது. பேட்டர்ன் வரைந்து தரும் கேட் பிளாட்டருக்கு என்று ஒரு பழைய விண்டோஸ் 7 மெஷின் லைசென்ஸ் டாங்கிளோடு இருக்குமே, அதை இன்டர்நெட் இல்லாமல் தனி வீலேனில் (மற்ற மெஷின்களிலிருந்து பிரித்த நெட்வொர்க் பகுதியில்) பூட்டி வையுங்கள்.

ஸ்டிக்கர் பிரிண்டருக்கு வருகிறேன். அன்றைக்கு ஆள் உள்ளேயே இருந்திருந்தாலும், சூட்டில் எழுத்தைப் பதிக்கும் ஹெட் போயிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? தெர்மல் ஹெட் தேய்ந்தால் முதலில் பார்கோடில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று நீளவாக்கில் விழும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, ஸ்கேனர் படிக்காது, பையர் கிடங்கில் கார்ட்டன் திரும்பும். ரிப்பன் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஹெட்டைத் துடைத்தால், டார்க்னஸ் அளவைத் தேவைக்கு மேல் ஏற்றாமல் வைத்தால், ஹெட் கணிசமாக அதிக நாள் வரும். இது பேக்கிங் ஆளுக்குப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கக்கூடிய வேலை. அதோடு அதே மாடலில் இரண்டாவது பிரிண்டர் ஒன்று, டிரைவர் போட்டு, லேபிள் அளவு செட் செய்து, ஒரு சோதனை ஸ்டிக்கர் அடித்துப் பார்த்து அலமாரியில் இருக்க வேண்டும். பெட்டி பிரிக்காத பிரிண்டர் ஸ்டாண்ட்பை ஆகாது. இந்த ஒரு செலவு, ஏழு மணிக்கு நின்ற உங்கள் கண்டெய்னரைக் காப்பாற்றியிருக்கும். இன்டர்நெட்டும் இதே ரகம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். நெட் இல்லாமல் ஐஆர்என் (இன்வாய்ஸ் பதிவு எண்) வராது, ஈ-வே பில் வராது, வண்டி தூத்துக்குடிக்குக் கிளம்பாது. இரண்டு வேறு நிறுவனத்தின் ஃபைபர், முடிந்தால் கட்டடத்துக்குள் வெவ்வேறு பக்கமாக வருகிற மாதிரி. இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒரே லாரி இரண்டையும் அறுத்துவிடும்.

அடுத்தது, சாதாரண ஹார்டுவேர் டெக்னீஷியனுக்கு எட்டாத ஆழமான வேலைகள். ஃபயர்வால் அமைப்பு, சர்வர், மெயில், பேக்கப். 20,000 சம்பளத்துக்கு வரும் பையனுக்கு இவை தெரியாது. தெரிந்தால் அந்தச் சம்பளத்துக்கு வரமாட்டான். ஹார்டுவேர் ஏஎம்சிக்காரருக்கும் பெரும்பாலும் தெரியாது, ஆனால் தெரியாது என்று சொல்லமாட்டார். இங்கேதான் பெரிய நஷ்டம் காத்திருக்கிறது. மிகவும் பரவலாக இருக்கும் ஒரு தவறு: ஆடிட்டர் வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்று ரௌட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இன்டர்நெட்டில் வைத்துவிடுவது. உலகம் முழுவதும் தானியங்கி நிரல்கள் அந்த போர்ட்டைத்தான் தட்டிக்கொண்டிருக்கின்றன. பாஸ்வேர்டு லேசாக இருந்தால் சனிக்கிழமை இரவு உள்ளே வந்து, ஞாயிறு முழுவதும் ஃபைல்களைப் பூட்டி, திங்கள் காலையில் பணம் கேட்கும் நோட்டு ஒன்று டெஸ்க்டாப்பில் இருக்கும். விபிஎன் என்ற பூட்டிய தனி வழியாக மட்டும் உள்ளே விட வேண்டும். உங்கள் ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தை இன்றைக்கே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மெயில் இன்னொன்று. மெர்ச்சண்டைசர் மெஷினில் அவுட்லுக் பாப்3-ல் (மெயிலை மெஷினுக்கே இறக்கிவிடும் முறை) ஓடுகிறது என்றால், பையரோடு பேசியது அத்தனையும் அந்த ஒரு டிஸ்க்கில் ஒரு பிஎஸ்டி ஃபைலாக மட்டும் இருக்கக்கூடும். 14 நாளில் சர்வரிலிருந்து அழிக்கும்படி அமைந்திருப்பது சாதாரணம். பிஎஸ்டி 50 ஜிபி எட்டினால் புதிய மெயில் உள்ளே வராது. டிஸ்க் போனால் ஆர்டர் வரலாறே போகும். மெயில் சர்வரிலேயே தங்குகிற சேவைக்கு மாற்றி, எல்லாருக்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட வேண்டும். பையருக்கு உங்கள் பெயரில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று போலி மெயில் போவது ஏற்றுமதியில் நிஜமான ஆபத்து; போலி மெயிலைத் தடுக்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைப்புகள் மூன்றும் உங்கள் டொமைனுக்குச் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் முழிக்கிறவரிடம் மெயில் வேலையைக் கொடுக்க வேண்டாம். இப்படிப்பட்ட வேலைகளுக்கு மாதாமாதம் ஆள் தேவையில்லை. தெரிந்த ஒருவரை முதலில் ஒருமுறை முழுதாகச் சரிசெய்யச் சொல்லி, பிறகு காலாண்டுக்கு ஒரு நாள் வந்து பார்க்கும்படி தனியாக ஏற்பாடு செய்யலாம். லேபர் ஏஎம்சியோடு இதைக் கலக்காதீர்கள்.

ஆளை உள்ளே வைத்தாலும் வெளியே வைத்தாலும் மாறக்கூடாத ஒன்று உண்டு: சாவிகள் உங்களிடம் இருக்க வேண்டும். டொமைன் பெயர் யார் பெயரில், யாருடைய மெயில் ஐடியில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பல யூனிட்களில் அது பத்து வருடம் முன்பு வெப்சைட் செய்து கொடுத்தவரின் கணக்கில் இருக்கும். அவர் புதுப்பிக்க மறந்தால் உங்கள் மெயில் மொத்தமும் நிற்கும். மெயில் சேவையின் முதன்மை அட்மின், ஃபயர்வால் அட்மின், சர்வர் அட்மினிஸ்ட்ரேட்டர், சிசிடிவி பதிவாகும் என்விஆரின் பாஸ்வேர்டு, டேலி லைசென்ஸ் பதிவான மெயில் ஐடி, ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிவான செல் நம்பர், இன்டர்நெட் கணக்கு, பேக்கப் பூட்டின் சாவி. இத்தனையும் ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, உங்கள் பீரோவில் ஒன்று, பார்ட்னரிடம் ஒன்று. டெக்னீஷியனுக்கு அவர் பெயரில் தனி அட்மின் கணக்கு கொடுங்கள், உங்களுடையதைக் கொடுக்காதீர்கள். அவர் போகும் நாளில் அதை மட்டும் முடக்கினால் போதும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை எந்த டெக்னீஷியனிடமும் விட்டுவைக்க வேண்டாம். எனிடெஸ்க் மாதிரி தொலைவு மென்பொருளை நிரந்தர பாஸ்வேர்டோடு 45 மெஷினிலும் போட்டுவைக்க ஏஎம்சிக்காரர் கேட்பார். சம்மதிக்காதீர்கள். அவருடைய எல்லா வாடிக்கையாளருக்கும் அதே பாஸ்வேர்டாக இருப்பது சர்வ சாதாரணம். அழைக்கும்போது மட்டும் திரையில் இருப்பவர் அனுமதி கொடுக்கும் முறையில் வையுங்கள்.

வெளியாளை நம்புவதில் இருக்கும் ஆபத்து சிறிய கடைகளோடு நிற்பதில்லை. 2024 ஜூலை கடைசியில் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளானது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை கொடுத்துவந்த நிறுவனம் அது. யூபிஐயை நடத்தும் என்பிசிஐ அதைப் பணப் பரிமாற்ற வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு யூபிஐ போன்ற சேவைகள் நின்றன. அந்த வங்கிகளில் யாரும் எதுவும் தவறாகச் செய்யவில்லை. 2021 ஜூலையில் அமெரிக்காவின் கசேயா நிறுவனத்தின் தொலைவு நிர்வாக மென்பொருள் வழியாகத் தாக்குதல் நடந்தபோதும் இதேதான். அடிவாங்கியது அந்த மென்பொருளை வைத்துச் சேவை கொடுத்தவர்களின் வாடிக்கையாளர்கள். ஸ்வீடனில் கூப் பல்பொருள் அங்காடியின் நூற்றுக்கணக்கான கிளைகள் பில் போட முடியாமல் கதவை மூடின. இதனால் வெளியே கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் உங்கள் பேக்கப் ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேக்கப் என்றால் எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். டேலி சர்வரிலிருந்து தினமும் இரவில் நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) ஒரு நகல், கிளவுடுக்கு ஒரு நகல். நாஸின் பாஸ்வேர்டு சர்வரின் பாஸ்வேர்டாக இருக்கக்கூடாது, இருந்தால் இரண்டும் சேர்ந்தே பூட்டப்படும். இதற்கு மேல் இரண்டு வெளிப்புற ஹார்டு டிஸ்க். வாரம் ஒன்றாக மாற்றி, ஒன்று எப்போதும் கழற்றி உங்கள் வீட்டில். மாதம் ஒருமுறை நகலை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து, கடைசி வவுச்சர் எண்ணும் டிரையல் பேலன்ஸும் ஒத்துப்போகிறதா என்று அக்கவுன்டன்ட் கையெழுத்துப் போட வேண்டும். பேக்கப் ஓடியது என்று பச்சை டிக் வருவதை மட்டும் பார்த்து யாரும் நிம்மதி அடைய வேண்டாம். மாதக்கணக்கில் காலி ஃபோல்டரை நகல் எடுத்துக்கொண்டிருந்த அமைப்புகளும் பச்சை டிக்தான் காட்டும். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், மின்னணு வடிவில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனி கணக்கு விதிகளில் திருத்தம் வந்தது. பார்ட்னர்ஷிப்புக்கு அந்த விதி கிடையாது, பழக்கம் நல்லது. ரான்சம்வேர் போன்ற தாக்குதல் நடந்தால், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவுப்படி தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை (யார், எப்போது, என்ன செய்தார்கள் என்ற பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஏஎம்சிக்காரர் தலையில் இந்தப் பொறுப்பைக் கட்ட முடியாது. அதனால் ஃபயர்வால் லாக் எங்கே சேர்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்சி ஒப்பந்தத்தில் "4 மணி நேர ரெஸ்பான்ஸ்" என்று இருக்கும். அது திரும்பப் போன் செய்ததையே குறிக்கலாம். ரெஸ்பான்ஸ் எவ்வளவு, ஆள் நேரில் வருவது எவ்வளவு, சரியாவது அல்லது மாற்று மெஷின் தருவது எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். நேரம் காலை 9:30 முதல் மாலை 6 வரை என்று இருந்தால், உங்களுக்குத் தேவை இரவு 9 வரை. ஷிப்மென்ட் வாரத்தில் ஞாயிறும். இதற்குக் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுங்கள், அது நியாயமான செலவு. இரண்டு கட்டடத்துக்கும் ஒரே விலையா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ரெசிடென்ட் இன்ஜினியர் என்று மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: ஆள் அவர்களுடையவர், உட்காருவது உங்கள் அலுவலகத்தில். அவர் லீவு என்றால் மாற்று ஆள் வருவார், சந்தேகம் என்றால் கேட்க மேலே ஆள் இருக்கிறார். உள்ளே வைக்கும் தனியாளின் மிகப் பெரிய பலவீனம் இரண்டும் இதில் தீரும். ஆனால் அந்த நிறுவனம் நல்ல ஆளை பெரிய வாடிக்கையாளரிடம் மாற்றிவிட்டுப் புதியவரை அனுப்பும். ஆறு மாதத்துக்கு மாற்றக்கூடாது என்று எழுதலாம், ஆள் வேலையை விட்டுப் போனால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அவருடைய பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் நகலை மாதாமாதம் பில்லோடு கேளுங்கள். அவர்கள் கட்டாமல் விட்டால் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள்.

எண்ணிப் பார்த்த பிறகும் ஆள்தான் வேண்டும் என்று முடிவானால், சர்டிஃபிகேட்டைப் பார்த்து எடுக்காதீர்கள். ராமைக் கொஞ்சம் தளர்த்திவைத்த ஒரு மெஷினைக் கொடுங்கள். கேட்வே (நெட்டுக்கு வெளியே போகும் வாசலின் முகவரி) தவறாகப் போட்ட இன்னொன்று: பக்கத்து மெஷினுக்கு பிங் போகும், நெட் வராது, எங்கிருந்து தேட ஆரம்பிக்கிறார் என்று கவனியுங்கள். ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிளின் முனையில் கனெக்டரை கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். ஸ்விட்சிலிருந்து தளத்துக்கு 120 மீட்டர் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். 100 மீட்டருக்கு மேல் காப்பர் கேபிள் இழுக்கக்கூடாது, ஃபைபர் போட வேண்டும் என்று சொல்ல வேண்டும். டேலியை வைஃபையில் ஓட்டலாமா என்று கேளுங்கள். ஷேர் செய்த ஃபோல்டரில் டேட்டா இருக்கும்போது நடுவில் சிக்னல் அறுந்தால் டேட்டா கெட்டுவிடும் என்று தெரிந்திருக்க வேண்டும். கடைசியாக, சர்வரில் ஃபைல் பெயரெல்லாம் விசித்திரமாக மாறியிருந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று. ஃபார்மட் என்றால் அனுப்பிவிடுங்கள். லேன் கேபிளைப் பிடுங்குவேன், எதையும் அழிக்கமாட்டேன், உங்களுக்குப் போன் செய்வேன் என்றால் பேசலாம். அப்படி ஒருவர் கிடைத்தாலும் ஒன்றரை, இரண்டு வருடத்தில் கோயம்புத்தூரோ பெங்களூரோ போய்விடுவார் என்று எதிர்பார்த்தே, ஐபி பட்டியல், ஸ்விட்ச் போர்ட் எது எங்கே போகிறது, பிரிண்டர் அமைப்பு எல்லாவற்றையும் முதல் மாதத்திலிருந்தே எழுத வையுங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து, இடத்தைப் பார்க்காமல் சொல்வதானால்: லேபர் ஏஎம்சி 63,000, அதில் இரவு 9 வரை வரும் ஏற்பாட்டுக்குக் கூடுதல், ஸ்பேர் நிதி ஒரு லட்சம், ஃபயர்வால், மெயில், பேக்கப்புக்குத் தனி ஆள் காலாண்டுக்கு ஒருமுறை, இப்போது இருக்கும் இடிபி (கம்ப்யூட்டர் பதிவு) அல்லது ஸ்டோர்ஸ் ஆட்களில் கைத்திறன் உள்ள ஒருவருக்கு மாதம் 2,000 அலவன்ஸ் கொடுத்து, மெஷின் மாற்றுவது, ஹெட் துடைப்பது, ரெஜிஸ்டர் எழுதுவது ஆகியவற்றை ஒப்படைப்பது. இது முழுநேர ஆளின் செலவுக்குள் அடங்கிவிடும். ஸ்டிச்சிங் யூனிட்டில் இரவு ஷிஃப்ட் தொடங்கினாலோ, மெஷின் எண்ணிக்கை இரட்டிப்பானாலோ கணக்கு மாறும். அப்போதும் ஆளை வைத்துக்கொண்டு லேபர் ஏஎம்சியை விடலாமே தவிர, காலாண்டு ஆளை விட வேண்டாம்.

பணம் கொடுக்கும் விதமும் முக்கியம். ஆண்டு முழுத் தொகையை முன்பணமாகக் கேட்பார்கள். காலாண்டு முடிந்ததும் ரெஜிஸ்டரைப் பார்த்துக் கொடுப்பதாகப் பேசுங்கள். ஒப்பந்தத்தை 30 நாள் நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம், போகும்போது எல்லா பாஸ்வேர்டும் ஐபி பட்டியலும் எழுத்தில் ஒப்படைத்த பிறகே கடைசிக் காலாண்டுத் தொகை என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். டிடிஎஸ் எந்தப் பிரிவில், எத்தனை சதவீதம் பிடிக்க வேண்டும் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்; ஒப்பந்தம் வெறும் பராமரிப்பா, தொழில்நுட்பச் சேவையா என்பதைப் பொறுத்து அது மாறும்.